முதல் அடிக்கு ஒரு தரை

பெரிய கனவுகளில் பல, தொடங்கப்படாமலேயே முடிந்துபோகின்றன. ஆந்திராவின் கோடியில், வறண்ட நிலம் ஒன்றில் நடந்த முயற்சி, தொடங்குவது எப்படி என்று காட்டுகிறது. தொடங்க முடியாதவர்களுக்கு என்ன தேவை என்பதையும்தான்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு விரையும் பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்களுக்குக் குடுபல்லி வெறும் பெயர்ப்பலகை. குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன். அதைத் தாண்டினால் பிசாநத்தம், பிறகு கர்நாடகம். மூன்று மாநிலங்கள் தோளுரசி நிற்கும் சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில், ஒரே பேச்சில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வருவது யாருக்கும் வியப்பாக இல்லை. பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் முன் கடந்து வரும் பூமி இது. பெயரில்தான் பால், ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் இருப்பது மணல். மழையை நம்பி நிலக்கடலை, கிணறு உள்ளவர்களுக்குத் தக்காளி, பட்டுப்புழுவுக்கு மல்பெரி என்று நகர்கிறது வாழ்க்கை.

பெரிய திட்டங்களோடு யாரும் தேடி வரக்கூடிய இடமாக இது தோன்றாது. ஆனால் குடுபல்லி மண்டலத்தின் குடிவங்காவில் இன்று 172 ஏக்கர் பரப்பில் ஒரு விஞ்ஞான வளாகம் இருக்கிறது. பட்டம் தரும் கல்லூரி அல்ல. மதிப்பெண் தரும் பள்ளியும் அல்ல. சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிக் குழந்தைகள் வந்திறங்கி, பாடப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்தவற்றைக் கையால் தொட்டு, இயக்கி, கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பும் இடம். நடத்துவது அகஸ்தியா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு. விந்தியத்தைத் தாண்டித் தெற்கே வந்த முனிவரின் பெயர் அது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அமைப்பின் தாரக மந்திரம் மூன்றே ஒலிகள்: ஆ! ஆஹா! ஹா ஹா! முதலில் வியப்பு, பிறகு புரிந்துவிட்ட கணம், கடைசியில் அதன் மகிழ்ச்சி.

இதைத் தொடங்கியவர் விஞ்ஞானி அல்ல என்பதுதான் சுவாரஸ்யம். ராம்ஜி ராகவன் வங்கித் தொழிலில் இருந்தவர். பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியில் படித்தவர். லண்டனில் நிர்வாகவியல் பயின்று, சர்வதேச நிதி நிறுவனங்களில் உயர் பதவிகளில் இருந்தவர். 1990-களின் இறுதியில் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். 1999-ல் அகஸ்தியா பிறந்தது. அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவரான பி.கே. அய்யங்கார் போன்ற மூத்த விஞ்ஞானிகள் துணை நின்றார்கள். மனப்பாடத்தை மட்டுமே நம்பியிருக்கும் கல்வியில் ஆர்வத்தைத் தூண்டிவிட வேண்டும் என்பது நோக்கம்.

இதே மாதிரி ஆசை எத்தனையோ பேருக்கு உண்டு. சொந்த ஊரில் ஒரு நூலகம், பாதியில் நின்றுபோன எம்.ஏ., சிறு வயதில் விட்ட வீணை, ரிட்டயரானதும் இயற்கை விவசாயம். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் இப்படி ஒரு கனவாவது பரண் மேல் கிடக்கும். இறக்கி வைக்க நாள் மட்டும் வருவதில்லை. முதலில் வீட்டுக் கடன் அடைய வேண்டும். பிறகு பெண்ணின் கல்யாணம். பிறகு பையனுக்கு வேலை. இவற்றில் எதுவும் பொய்க் காரணம் இல்லை. அதுதான் ஆபத்து. பொய்க் காரணமாக இருந்தால் என்றாவது ஒருநாள் வெட்கம் வந்துவிடும். உண்மைக் காரணங்களோ ஆயுள் முழுக்கக் கௌரவமாகத் துணைக்கு வரும்.

இப்படிக் காத்திருப்பதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பாதை முழுவதும் தெரிந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்ற நம்பிக்கை. அகஸ்தியாவின் கதை இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் மனத்தில் இருந்தது ஒரு பள்ளிக்கூடம். படைப்புத் திறனை வளர்க்கும் நல்ல பள்ளி ஒன்றைக் கட்டுவது. ஆனால் ஒரு பள்ளியில் எத்தனை பேர் படிக்க முடியும்? சில நூறு குழந்தைகள். சுற்றியுள்ள கிராமங்களில் காந்தத்தைக் கையில் பிடித்தே பார்க்காத ஆயிரக்கணக்கான குழந்தைகள் என்ன ஆவார்கள்? இந்தக் கேள்வி எழுந்ததும் திட்டம் திசை மாறியது. குழந்தைகள் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியாவிட்டால், ஆய்வுக்கூடம் குழந்தைகளிடம் போகட்டும். ஒரு வேனில் எளிய, மலிவான சோதனைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு பயிற்றுநர்கள் அரசுப் பள்ளிகளுக்குக் கிளம்பினார்கள்.

அந்த வேன்தான் அகஸ்தியாவை இன்று பலரும் அறியக் காரணம். முதலில் போட்ட திட்டத்தில் இல்லாத ஒன்று, பின்னால் முக்கிய அடையாளமாகிவிட்டது. வேன் போக முடியாத கிராமங்களுக்கு என்ன வழி என்ற அடுத்த கேள்வியிலிருந்து, பெட்டியில் கருவிகளைக் கட்டிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள் ஆய்வுக்கூடம் வந்தது. இந்த யோசனை 2013-ல் கூகுள் நிறுவனம் இந்தியத் தொண்டு அமைப்புகளுக்காக நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. குழந்தைகளே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் பயிற்றுநர் திட்டம், மாலையில் கிராமத்துக்குள்ளேயே நடக்கும் கற்றல் மையங்கள் என்று கிளைகள் பரவின. இதுவரை ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளை எட்டியிருப்பதாக அமைப்பு கணக்குச் சொல்கிறது. 1999-ல் உட்கார்ந்து இவ்வளவையும் திட்டமிட்டு முடித்த பிறகுதான் தொடங்குவது என்று இருந்திருந்தால், இன்னும் திட்ட அறிக்கையின் இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

முதல் அடியின் பயன் தூரத்தைக் குறைப்பது மட்டுமல்ல. நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒன்றை அது காட்டிக்கொடுக்கிறது. இலக்கையே கூட மாற்றிவிடுகிறது.

உளவியலாளர்கள் இந்த விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகாவும் 1997-ல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலமானது. கிறிஸ்துமஸ் முந்தைய நாளை எப்படிக் கழித்தார்கள் என்று விடுமுறையிலேயே எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. ஒரு பிரிவினரிடம் கூடுதலாக ஒன்றே ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று இப்போதே குறித்துக் கொடுங்கள். அப்படிக் குறித்துக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் உரிய காலத்தில் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான். உறுதியில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்திலும் இடத்திலும்தான் இருந்தது. ‘தமிழ் இலக்கணம் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது ஆசை. ‘செவ்வாய்க்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும், கூடத்து மேஜையில், முதல் பத்துப் பக்கம்’ என்பது தொடக்கம்.

தொடங்கியவருக்குக் கிடைக்கும் இன்னொரு லாபத்தை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-லேயே விளக்கினார். ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தைகளிலிருந்து கொஞ்சம் வரலாம். தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதிலிருந்தும் வரலாம். ஆனால் வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான். ஆக, நம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பது தலைகீழான கணக்கு. சிறிதாக ஒன்றைச் செய்து முடித்தால் நம்பிக்கை பின்னாலேயே வருகிறது. முதல் அடி சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முடிக்க முடியாத அளவுக்குப் பெரிய தொடக்கம், ‘நம்மால் ஆகாது’ என்பதைத்தான் கற்றுக்கொடுக்கும்.

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டிய தகவலும் ஒன்று உண்டு. கோல்விட்சர் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் எண்ணத்தை மற்றவர்கள் அறிந்துகொண்டார்கள் என்று தெரிந்த மாணவர்கள், அந்த இலக்குக்காக உழைத்த நேரம் குறைந்திருந்தது. வக்கீலாகப் போகிறேன் என்று சொல்லி, கேட்டவர் தலையசைத்ததுமே, பாதி வக்கீலாகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது போலும். பாராட்டை முன்பணமாக வாங்கிவிட்டால், வேலைக்கு என்ன அவசரம்?

ஆனால் எண்ணத்தை அறிவிப்பது வேறு. செய்ததைக் காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை விளக்கக் குடிவங்கா வளாகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2017 டிசம்பர் 22 அன்று அங்கே ராமானுஜன் கணிதப் பூங்கா திறக்கப்பட்டது. கணித அறிஞர் சுஜாதா ராமதுரையும் கணிதக் கல்வியாளர் வி.எஸ்.எஸ். சாஸ்திரியும் முன்னின்று உருவாக்கியது. கணிதத்தைக் கரும்பலகையிலிருந்து இறக்கி, கையால் தொடக்கூடிய உருவங்களாக மாற்றி வைத்திருக்கும் இடம். 1887-ல் அதே டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த மேதைக்கு இது பொருத்தமான பிறந்தநாள் பரிசு.

ராமானுஜனின் முதல் அடி எது என்று கேட்டால், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கதைக்கு அழகாக இருக்கும். உண்மை அதைவிட நீளமானது. ஹார்டிக்கு முன்பே வேறு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கும் எழுதிப் பார்த்தார், பயன் இல்லை. அதற்கும் முன்னால், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. இருந்தது நோட்டுப் புத்தகங்கள்தான். அவற்றில் ஆண்டுக்கணக்காகச் சூத்திரங்களை எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காதபோதும் எழுதிய அந்தப் பக்கங்கள்தான் முதல் அடி.

1910 வாக்கில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி அய்யர் வேலை தரவில்லை. இந்த மூளையைத் தாலுகா ஆபீஸ் கணக்கில் முடக்குவது பாவம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பதிலாகச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அந்தத் தொடர்புகளின் வழியே ராமானுஜன் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். கலெக்டர் தன் கையிலிருந்து மாதந்தோறும் உதவினார். 1911-ல் கணிதச் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டுதான் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல் பயணம். ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் காட்டியது. எந்தப் படியிலும் அவர் ‘நான் கணித மேதையாகப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. நோட்டை நீட்டினார்.

இந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. நோட்டை நீட்டினால் போதாது. வாங்கிப் பார்க்க ஒருவர் வேண்டும். ராமசாமி அய்யர் கணிதம் அறியாத அதிகாரியாக இருந்திருந்தால், ஒன்று குமாஸ்தா வேலை கிடைத்திருக்கும். அல்லது அதுவும் கிடைத்திருக்காது. முதல் அடியை எடுத்து வைப்பது தனி மனிதரின் துணிச்சல். அந்த அடி விழத் தரை இருப்பது மற்றவர்களின் பொறுப்பு.

ராகவனின் அடிக்கும் தரை இருந்தது. உயர் பதவியில் பெற்ற அனுபவம், சரளமான ஆங்கிலம், டெலிஃபோனில் பேசக்கூடிய தூரத்தில் நாட்டின் முன்னணி விஞ்ஞானிகள். ஆந்திர அரசு நிலம் கொடுத்தது. பங்குச் சந்தை முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா போன்றவர்கள் பின்னாளில் பெருந்தொகை கொடுத்தார்கள். வேலையை உதறியதில் துணிவு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் விழுந்தால் எழுந்து நிற்க இடம் இருந்த துணிவு அது.

குடுபல்லி வட்டாரத்தில் எல்லோருக்கும் அந்த இடம் இல்லை. இங்கேயும் தங்கம் இருந்தது. கோலார் தங்க வயலை நடத்திய பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் பிசாநத்தம், சிகரகுண்டா பகுதிகளிலும் சுரங்கம் நடத்தியது. 2001 பிப்ரவரி இறுதியில் கோலார் சுரங்கம் மூடப்பட்டது. இந்தச் சுரங்கங்களின் கதையும் அத்தோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இறங்கி ஏறிய பாதாளம் அடைபட்டுப்போனது. கோலார் தங்க வயலிலும் குப்பம் பகுதியிலும் ஏராளமானவர்களுக்கு இன்று வாழ்க்கை ரயிலில் நடக்கிறது. விடியும் முன் ஏறிப் பெங்களூரில் கட்டட வேலை, வீட்டு வேலை, கம்பெனி வேலை. இருட்டிய பின் திரும்பிச் சமையல். நாளில் ஐந்தாறு மணி நேரம் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் போய்விடுகிற பெண்ணிடம், ‘உன் இலக்கை நோக்கி முதல் அடி எடுத்து வை’ என்று யாராவது அறிவுரை சொன்னால், அவள் சிரித்துவிட்டுச் சீட் பிடிக்கப் போவாள். அவள் தினமும் வைக்கும் அடிகளுக்குக் குறைவில்லை. அவை அவளுடைய இலக்கை நோக்கியவை அல்ல, அவ்வளவுதான்.

அவளுடைய மகளோ மகனோ அரசுப் பள்ளியில் படிக்கும்போதுதான் அந்த வேனின் அருமை தெரிகிறது. அந்தக் குழந்தைக்கு இன்னும் இலக்கு என்று எதுவும் இருக்காது. விஞ்ஞானி என்பவரைப் பார்த்திராத குழந்தை எப்படி விஞ்ஞானியாக ஆசைப்படும்? ஆசைப்படுவதற்கே ஓர் அறிமுகம் தேவைப்படுகிறது. லென்ஸ் வழியாகத் தலைகீழாகத் தெரியும் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டால், ஏன் என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதுதான் அந்த வயதில் எடுத்து வைக்கக்கூடிய முதல் அடி. நாற்பது பேர் வகுப்பில், எழுந்து நின்றால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயத்தைத் தாண்டி வைக்கும் அடி. மாணவர்களே பாடம் நடத்தும் இளம் பயிற்றுநர் திட்டத்தின் உண்மையான பயன் இங்கேதான். தன்னைப் போன்ற ஒரு பெண் முன்னால் நின்று விளக்குவதைப் பார்க்கும் குழந்தைக்கு, பண்டுராவைப் படிக்காமலேயே விஷயம் புரிந்துவிடுகிறது.

இதெல்லாம் போதுமா? போதாது. வேன் வந்துபோகும், பள்ளியில் ஆய்வுக்கூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாவிட்டால், அன்று எழுந்த கேள்வி மறுநாள் மனப்பாடத்துக்கு அடியில் அமுங்கிவிடும். தொண்டு அமைப்பு அரசுப் பள்ளிக்கு மாற்றாக முடியாது. அந்த வேன் செய்யக்கூடியது, எது இல்லை என்பதைக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் காட்டிக்கொடுப்பது. இல்லாததைக் கேட்கத் தொடங்குவதும் ஓர் அடிதான்.

குடிவங்காவின் நிலத்துக்கும் இதே கதைதான். வளாகத்துக்குக் கிடைத்தபோது அது மரமற்ற கட்டாந்தரை. கர்நாடக வனத்துறையின் ஓய்வுபெற்ற அதிகாரியும் சூழலியலாளருமான எல்லப்ப ரெட்டி போன்றவர்கள் வழிகாட்ட, மழைநீரைத் தேக்கி, மண்ணுக்கேற்ற மரஞ்செடிகளை வளர்த்தார்கள். கன்று நட்டதும் காடு வந்துவிடாது. முதலில் ஓடும் நீர் நிற்க வேண்டும். நீர் நின்றால் புல். புல் பிடித்தால் மண் தங்கும். மண் தங்கினால் மரம். பிறகு பட்டாம்பூச்சிகளும் பறவைகளும் அழைக்காமலே வந்தன. விவசாயம் செய்யும் யாருக்கும் இந்த வரிசை தெரியும். சொந்த ஆசைகளின் விஷயத்தில் மட்டும் நாம் மரத்திலிருந்து தொடங்கப் பார்க்கிறோம்.

பரணில் ஏதாவது ஒரு கனவை வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தனக்கானது: இந்த வாரத்திலேயே முடித்துவிடக்கூடிய சிறு பகுதி ஒன்றுக்கு நாளும் நேரமும் இடமும் குறிப்பது, முடிந்ததும், பாராட்டுபவரிடம் அல்ல, திருத்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. இரண்டாவது, அடுத்தவருக்கானது. நம் மேஜைக்கும் என்றாவது ஒருநாள் யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். அலுவலகத்தின் கடைநிலை ஊழியராக இருக்கலாம். வேலை செய்யும் அம்மாவின் பெண்ணாக இருக்கலாம். நேரங்கெட்ட நேரத்தில் வந்து சம்பந்தமில்லாமல் கேள்வி கேட்கும் பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். அவர்கள் தங்கள் முதல் அடியை வைத்துவிட்டார்கள். நோட்டை வாங்கி, உட்கார்ந்து, முதல் பக்கத்தையாவது படிக்க வேண்டியது நாம்.